ஏழாம் அத்தியாயம்: முப்பதைத் தாண்டிய முழங்கால்

சிங்கப்பூரின் கிராஞ்சியில் ஐஸ் இரண்டே இடத்தில்தான் கண்ணில் படும். ஒன்று, காப்பிக்கடையில் ‘தே பெங்’ குவளைக்குள். இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை வாலிபால் ஆடிவிட்டுத் தங்கும் விடுதிக்குத் திரும்பியவரின் முழங்கால்மேல், பிளாஸ்டிக் பையில் கட்டியபடி. ஐஸ்மீது ஆடுகிற ஹாக்கிக்கும் இந்த வட்டாரத்துக்கும் வேறு ஒட்டுறவு கிடையாது. ஜூரோங் ஈஸ்ட்டில் ஜேகியூப் கடைத்தொகுதிக்குள் ஒலிம்பிக் அளவுப் பனித்தளம் ஒன்று இருந்தது. 2012இல் திறந்த அது, 2023 ஆகஸ்ட்டில் கடைத்தொகுதியோடு சேர்ந்து மூடப்பட்டது.

இருந்தாலும் இந்த அத்தியாயம் ஒரு ஐஸ் ஹாக்கி ஆட்டக்காரரிடமிருந்துதான் தொடங்குகிறது. வயதான முழங்கால் ஒன்று எப்படிக் கெட்டது, எத்தனை முறை ஏமாற்றியது, கடைசியில் எப்படித் திரும்பி வந்தது என்பது அவர் விஷயத்தில் தேதிவாரியாகப் பதிவாகியிருக்கிறது. கபடியோ, கிரிக்கெட்டோ, கால்பந்தோ, முப்பதுக்கு மேல் அடிபட்டு மறுபடி இறங்க நினைக்கிறவருக்கு அந்தத் தேதிகள் பாடப் புத்தகம் மாதிரி.

1,032 நாள்

கேப்ரியல் லாண்டெஸ்காக் ஸ்வீடன்காரர், 1992இல் பிறந்தவர். அமெரிக்காவின் கொலராடோ அவலாஞ்ச் அணிக்கு 19 வயதிலேயே தலைவரானார். ஐஸ் ஹாக்கியில் ஒவ்வொருவர் காலடியிலும் கத்தி இருக்கிறது. 2020இல் பிளேஆஃப் எனப்படும் இறுதிச் சுற்று ஆட்டம் ஒன்றில் சொந்த அணிக்காரரான கேல் மக்காரின் சறுக்குக் கத்தியே லாண்டெஸ்காக்கின் முழங்காலுக்கு மேலே கிழித்துவிட்டது. தொல்லை அங்கே தொடங்கியது. 2022 மார்ச்சில் அந்த முழங்காலில் அறுவை சிகிச்சை நடந்தது. ஏழு வாரத்தில் பிளேஆஃப் வந்துவிட, அவரும் இறங்கினார். 20 ஆட்டங்களில் 11 கோல் போட்டு, 11 கோலுக்குத் துணை நின்றார். ஜூன் 26 அன்று அணி லீக்கின் உச்சப் பரிசான ஸ்டான்லி கோப்பையை வென்றது.

கோப்பையைத் தூக்கிய அந்தக் கால் அதற்குப் பிறகு நெடுநாள் ஆட்டத்துக்கு வரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடி ஒரு சிகிச்சை. 2023 மேயில் சிகாகோவில் குருத்தெலும்பு மாற்று அறுவை சிகிச்சை. மூன்று முழுப் பருவங்களின் வழக்கமான ஆட்டங்கள் அத்தனையும் அவர் இல்லாமலே முடிந்தன. கடைசியில் 2025 ஏப்ரல் 23 அன்று, டல்லஸ் அணிக்கு எதிராக டென்வரில் நடந்த பிளேஆஃப் ஆட்டத்தில் மறுபடி சறுக்கிக்கொண்டு வந்தார். இரண்டு ஆட்டங்களுக்கும் நடுவே 1,032 நாள்.

குருத்தெலும்பு என்பது முழங்காலில் எலும்பும் எலும்பும் உரசாமல் இருக்க மேலே பூசியிருக்கிற வழவழப்பான படலம். அதற்கு ரத்தக் குழாய் கிடையாது. தசை கிழிந்தால் ரத்தம் பாய்ந்து சில வாரங்களில் ஒட்டிக்கொள்ளும். இந்தப் படலம் தேய்ந்தால் தானாக வளராது. ஐஸ் ஹாக்கியில் இந்தச் சிகிச்சைக்குப் பிறகு மேல்மட்டத்துக்குத் திரும்பியவர் என்று காட்ட லாண்டெஸ்காக்குக்கு முன்மாதிரி இருக்கவில்லை. ஓரளவு தெம்பு தந்தவர் கூடைப்பந்துக்காரர் லோன்சோ பால். அதே மருத்துவரிடம் 2023 மார்ச்சில் இதே வகைச் சிகிச்சை செய்துகொண்ட அவர், 2024 அக்டோபரில் சிகாகோ புல்ஸ் அணிக்குத் திரும்பியிருந்தார்.

லாண்டெஸ்காக் திரும்பிய விதத்தில் கவனிக்கவேண்டியது ஒன்று. அந்த பிளேஆஃப் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 11, 12 தேதிகளில், ஒரு படி கீழே இருக்கும் லீக்கில் கொலராடோ ஈகிள்ஸ் அணிக்காக இரண்டு ஆட்டம் ஆடினார். ஸ்டான்லி கோப்பை வென்ற தலைவர், தன்னைவிடப் பத்து வயது சின்னப் பையன்களோடு! கௌரவம் பார்க்கவில்லை. பெரிய ஆட்டத்துக்கு வந்தபோதும் முதல் நாள் சுமார் 13 நிமிடம்தான் பனியில் இருந்தார். அடுத்த ஆட்டத்தில், ஏப்ரல் 26 அன்று, கோல் போட்டார்.

இங்கே ஒரு சந்தேகம் வரும். அவருக்குக் கோடி கோடியாகச் சம்பளம், கூடவே மருத்துவர்கள், தனிப் பயிற்சியாளர்கள். கிராஞ்சியில் கம்பி கட்டுகிற, 38 வயதான ஒருவருக்கு இதில் என்ன இருக்கிறது? நியாயமான கேள்வி. லாண்டெஸ்காக்கிடம் இருந்து இவருக்குக் கிடைக்காதது பணம். கிடைக்கக்கூடியது வரிசை: முதலில் வீக்கம் வடிய வேண்டும், பிறகு பலம், பிறகு சின்ன ஆட்டம், பிறகுதான் பெரிய ஆட்டம். 2022இல் ஏழு வாரத்தில் ஆடியதற்குக் கோப்பை கிடைத்தது உண்மை. அதைச் சொல்லி அவசரத்தை நியாயப்படுத்துகிறவர்கள், அடுத்த மூன்று ஆண்டுக் கணக்கையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முதல் இரண்டு நாள்

சின்னச் சுளுக்கா, பெரிய காயமா என்பதைச் சொல்ல எம்ஆர்ஐ எடுக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லை. கால் நாலு அடையாளம் காட்டும்.

அடிபட்டபோது உள்ளே ‘டப்’ என்று ஏதோ அறுந்த சத்தம் கேட்டதா? இரண்டு மணி நேரத்துக்குள் முழங்கால் பந்துபோல உப்பியதா? அப்படி வேகமாக வரும் வீக்கம் பெரும்பாலும் மூட்டுக்குள் ரத்தம் கசிவதால் வருவது. ஏசிஎல் என்று எல்லாரும் சொல்கிற முன்பக்கச் சிலுவை ஜவ்வு அறுந்தவர்களிடம் இது வழக்கமாகக் காணப்படும். மறுநாள் காலை ஊதியிருந்தால் அவ்வளவு பயமில்லை. கால் ஒரு கோணத்தில் பூட்டிக்கொண்டு மடக்கவோ நீட்டவோ முடியவில்லையா? நாலு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லையா? இதில் எது இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நாலு அடி நடக்க முடியாதவருக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது உலகெங்கும் அவசரப் பிரிவுகளில் கடைப்பிடிக்கிற விதி. கிராஞ்சிக்காரர்களுக்கு இப்போது பக்கத்திலேயே உட்லண்ட்ஸ் மருத்துவமனை இருக்கிறது. ஈசூனில் கூ டெக் புவாட் மருத்துவமனை.

நடைமுறையில் நடப்பது வேறு. முதலில் வருவது கோடாலித் தைலம். ஊருக்குப் போகிற ஒவ்வொருவர் பையிலும் ஒரு டஜன் போகிற அந்தக் குப்பி, விடுதியில் எல்லா வலிக்கும் மருந்து. அடுத்து, பக்கத்துக் கட்டில்காரர் எண்ணெய் தடவி நீவிவிடுவார். அன்பான மனிதர்தான், ஆனால் உள்ளே ரத்தம் கசிந்துகொண்டிருக்கிற மூட்டை முதல் இரண்டு நாள் அழுத்தி நீவினால் வீக்கம் கூடும். அந்த இரண்டு நாளும் காலை உயர்த்தி வைத்து, துணி சுற்றிய ஐஸ் ஒத்தடம் பத்துப் பதினைந்து நிமிடம் கொடுத்து, மிதமாக இறுக்கிக் கட்டினால் போதும். ஐஸைத் தோல்மேல் நேராக வைத்தால் தோல் வெந்துவிடும்.

அடுத்த விடுப்பில் ஊருக்குப் போய்ப் புத்தூர்க் கட்டு போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்கிறவர்களும் உண்டு. ஆந்திராவின் புத்தூர் எலும்பு முறிவுக்குப் பெயர் வாங்கிய ஊர். அறுந்த சிலுவை ஜவ்வின் கதை வேறு. அதன் இரண்டு முனையும் மூட்டுத் திரவத்தில் மிதக்கின்றன. வெளியே எவ்வளவு இறுக்கிக் கட்டினாலும் அந்த முனைகள் கட்டுக்கு எட்டாது.

நாள்காட்டியைக் கேட்பதா, காலைக் கேட்பதா?

தமிழ் வாசகருக்கு லாண்டெஸ்காக்கைவிட நெருக்கமான முழங்கால் பி.ஆர்.ஸ்ரீஜேஷுடையது. எர்ணாகுளம் பக்கத்துக் கிழக்கம்பலத்துக்காரர், இந்திய ஹாக்கி அணியின் கோல்கீப்பராக இருந்தவர். 2017 மே மாதம் மலேசியாவின் ஈப்போவில் நடந்த சுல்தான் அஸ்லான் ஷா கோப்பையில், ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆட்டத்தில் முழங்கால் ஜவ்வு போனது. அறுவை சிகிச்சை முடிந்து, 2018 ஜனவரியில் நியூசிலாந்தில் நடந்த நாலு நாட்டுப் போட்டியில்தான் திரும்பினார். ஏறக்குறைய எட்டு மாதம். அப்போது அவருக்கு 29 வயது. கோல்கீப்பருக்கு அது முடிகிற வயதல்ல, ஆனாலும் அவர் இனித் தேறமாட்டார் என்ற பேச்சு எழாமல் இல்லை.

பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். 2018இல் பிரெடாவில் நடந்த சாம்பியன்ஸ் டிராஃபியில் அவர் தலைமையில் வெள்ளி. 2021 ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவில் ஜெர்மனிக்கு எதிராக 5–4 என்று முன்னிலை. ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருக்கையில் எதிரணிக்குக் கிடைத்த பெனால்டி கார்னரைத் தடுத்து வெண்கலம். நம்மூர் வாசுதேவன் பாஸ்கரன் தலைமையில் 1980இல் மாஸ்கோவில் வென்ற தங்கத்துக்குப் பிறகு, 41 ஆண்டு கழித்து இந்திய ஹாக்கிக்குக் கிடைத்த ஒலிம்பிக் பதக்கம் அது. 2024 ஆகஸ்ட் 8 அன்று பாரிஸில் இன்னொரு வெண்கலத்தோடு ஓய்வு பெற்றபோது ஸ்ரீஜேஷுக்கு 36. அவருடைய இரண்டு ஒலிம்பிக் பதக்கங்களுமே அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தவை.

“அவர் எட்டு மாதத்தில் வந்தாரே, நான் ஆறு மாதத்தில் வரக்கூடாதா?” என்பதுதான் அடுத்த கேள்வி. வரக்கூடாது. கோல்கீப்பர் முழு மைதானமும் ஓடித் திரும்புகிறவர் அல்ல. அதோடு முழுநேர பிசியோ கூடவே இருந்தார். 2016இல் பிரிட்டிஷ் ஜர்னல் ஆஃப் ஸ்போர்ட்ஸ் மெடிசினில் வெளியான டெலவேர்–ஓஸ்லோ ஆய்வு இதை எண்களில் சொல்கிறது. ஏசிஎல் சிகிச்சைக்குப் பிறகு, ஒன்பது மாதம்வரை ஆட்டத்தை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் முழங்கால் மறுபடி அடிபடுவது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அதே ஆய்வில், பலம், தாவல் சோதனைகளில் தேறாமலே ஆடப் போனவர்களில் 38.2 சதவீதத்தினர் மறுபடி அடிபட்டார்கள். தேறிவிட்டுப் போனவர்களில் 5.6 சதவீதம்தான்.

ஆக ஒன்பது மாதம் என்பது குறைந்தபட்சம். அதை நாள்காட்டியில் வட்டம் போட்டுக் காத்திருந்தால் மட்டும் போதாது. புதிதாக வைத்த ஜவ்வு ஒட்டுத் துண்டு, தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முழங்கால் சிப்பிக்குக் கீழிருந்தோ எடுத்த நார். அது உள்ளே உயிர் பிடித்து ஜவ்வாக மாறும்வரை இளகி, பலமிழந்து, பிறகுதான் இறுகும். இரண்டு மூன்று மாதத்தில் வலி போய்விடும். ஒட்டு மிகவும் பலவீனமாக இருக்கிற காலமும் ஏறத்தாழ அதுதான். வலி போனதைக் குணமானதாக எடுத்துக்கொள்வதில்தான் பெரும்பாலோர் வழுக்குகிறார்கள்.

சரி, காலைக் கேட்பது எப்படி?

முதல் கட்டத்தில் கேள்வி ஒன்றே: குதிகாலைத் தலையணைமேல் வைத்தால் முழங்கால் மற்றக் காலைப் போல முழுசாக நீள்கிறதா? மடக்குவதைப் பற்றி எல்லாரும் கவலைப்படுவார்கள்; நீட்டுவதை மறந்துவிடுவார்கள். முழுசாக நீளாத கால் காலத்துக்கும் நொண்டும். அது சரியான பிறகு நிலையான சைக்கிள், சுவரில் முதுகு சாய்த்து உட்கார்வது, படி ஏறி இறங்குவது. ஓட்டம் மூன்று நாலு மாதத்துக்குப் பிறகு, அதுவும் வீக்கம் துளிகூட இல்லாவிட்டால். இதையெல்லாம் பிசியோ எழுதித் தரும் வரிசையில் செய்ய வேண்டும். யூடியூபில் பார்த்த வரிசையில் அல்ல.

கடைசிக் கட்டத்துக்குத் தாவல் சோதனை. இதற்கு வேண்டிய கருவி கட்டுமான ஊழியரின் இடுப்பிலேயே தொங்குகிறது: அளவு நாடா. சமமான தரையில் டேப் ஒட்டிக் கோடு போட்டு, ஒற்றைக் காலில் நின்று முன்னால் தாவி, அதே காலில் ஆடாமல் இறங்க வேண்டும். நல்ல காலில் 150 சென்டிமீட்டர் வந்தால், அடிபட்ட காலில் 135ஆவது வர வேண்டும். அதாவது 90 சதவீதம். ஒரே தாவல், தொடர்ந்து மூன்று தாவல், கோட்டின் இரு பக்கமும் குறுக்கே மூன்று தாவல், ஆறு மீட்டரை ஒற்றைக் காலில் எத்தனை விநாடியில் கடப்பது என்று நாலு வகை. நாலிலும் 90 வர வேண்டும். முதல் முறை பிசியோ எதிரிலேயே செய்வது நல்லது. இதில் ஒரு கள்ளக்கணக்கும் ஒளிந்திருக்கிறது. ஒன்பது மாதம் ஆடாமல் கிடந்ததில் நல்ல காலும் மெலிந்திருக்கும். மெலிந்த காலுக்கு 90 என்பது பழைய காலுக்கு எழுபதாகவும் இருக்கலாம்.

தினசரிக் கணக்குக்கு இன்னொரு விதி. பயிற்சியின்போது வலிக்குப் பத்துக்கு மூன்று மதிப்பெண்வரை கொடுக்கலாம். மறுநாள் காலை எழும்போது அந்த வலியும் வீக்கமும் போயிருக்க வேண்டும். போகவில்லையென்றால் நேற்று செய்தது அதிகம். இன்று ஒரு படி கீழே. சிப்பிக்கு நேராக அளவு நாடாவைச் சுற்றித் தினமும் காலையில் ஒரு எண்ணை எழுதி வைக்கிறவருக்கு இதில் ஏமாற வழியில்லை.

வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஆடுகிறவர் இந்தக் கணக்கு முழுவதையும் அழித்துவிடுகிறார். முஸ்தபா கடையில் வாங்கிய முழங்கால் உறை சூடும் தைரியமும் கொடுக்கும். ஜவ்வின் வேலையை அது செய்யாது.

முழங்காலைத் தவிர

தலையில் அடிபட்டால் கணக்கு முற்றிலும் வேறு. இங்கே கால்கூடச் சாட்சி சொல்லாது. ஐஸ் ஹாக்கியின் மிகப் பெரிய பெயர்களில் ஒருவரான சிட்னி கிராஸ்பி, 2011 ஜனவரி 1 அன்று தலையில் மோதல் வாங்கினார். நாலே நாளில், ஜனவரி 5 அன்று, அடுத்த மோதல். பிறகு பத்து மாதத்துக்கு மேல் ஆடவில்லை. நவம்பர் 21 அன்று திரும்பிய ஆட்டத்தில் இரண்டு கோல் போட்டு, இன்னும் இரண்டுக்குத் துணை நின்றார், ஊரே கொண்டாடியது. இரண்டு வாரத்தில் அறிகுறிகள் திரும்பி, 2012 மார்ச்வரை மறுபடி வெளியே. பவுன்சர் தலையில் பட்டுத் தலைசுற்றல், குமட்டல், மறதி இருந்தால் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. அறிகுறி அடங்கிய பிறகு நடை, ஓட்டம், பயிற்சி என்று ஒரு படிக்குக் குறைந்தது 24 மணி நேரம். சாரத்தில் ஏறுகிற வேலைக்காரர் இதை மறைப்பது ஆட்டத்தை மட்டும் பாதிக்காது, உயிரோடு விளையாடுவதாகும்.

நெஞ்சுக்கும் ஒரு சோதனை வேண்டும். ஒரு வருடம் ஓடாமல் இருந்த நாற்பது வயதுக்காரர், குடும்பத்தில் மாரடைப்போ, தனக்குச் சர்க்கரையோ ரத்தக் கொதிப்போ இருந்தால், மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான் ஓட வேண்டும்.

சைட்டும் ஒரு ஆட்டம்தான்

விளையாட்டு மருத்துவப் புத்தகங்கள், ஆட்டக்காரர் பயிற்சி முடிந்ததும் சோபாவில் படுத்திருப்பார் என்று நினைத்து எழுதப்பட்டவை. கிராஞ்சி, சுங்கை காடுட் பக்கம் தங்கியிருக்கிறவர் காலை ஐந்துக்கு எழுந்து, பாதுகாப்புக் காலணி மாட்டி, பகல் முழுவதும் ஏணி ஏறி இறங்கி, பாரம் தூக்கி, இரவு திரும்புகிறார். அவருடைய முழங்கால் திங்கள் முதல் சனிவரை ஏற்கனவே ஆடிக்கொண்டிருக்கிறது. புத்தகம் வாரத்துக்கு நாலு பயிற்சி சொன்னால், அவருக்கு இரண்டு போதும். வேலை கடுமையாக இருந்த வாரத்தில் ஒன்று.

எந்த பிசியோவும் எழுதித் தராத பயிற்சி ஒன்று தினமும் நடக்கிறது: லாரியின் பின்பக்கத்திலிருந்து குதித்து இறங்குவது. ஒரு மீட்டருக்கு மேல் உயரம், கனமான காலணி, சில சமயம் ஈரத் தரை. ஒட்டு ஜவ்வுக்கு இதைவிட மோசமான சோதனை இருக்காது. முதல் ஒன்பது மாதமும் பலகையைப் பிடித்துக்கொண்டு, நல்ல கால் முதலில் பட இறங்க வேண்டும். பின்னால் நிற்கிறவர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மேற்பார்வையாளரிடம் காயத்தை மறைப்பவர்கள் பலர். வேலை போய்விடுமோ, ஊருக்கு அனுப்பிவிடுவார்களோ என்ற பயத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. ஆனால் மருத்துவர் ‘லைட் டியூட்டி’ என்று எழுதித் தந்தால் அது கையில் ஒரு தாள். மறைத்துவிட்டுப் பாரம் தூக்கி, கால் மடங்கி விழுந்தால் கையில் எதுவும் இருக்காது.

செலவு யார் தலையில்?

வேலையிடக் காயத்துக்கான இழப்பீட்டுச் சட்டம் வேலையால் வந்த காயத்துக்கானது. ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் பட்ட அடி அதில் வராது. “சைட்டில் விழுந்தேன் என்று சொல்லிவிடு” என்று யோசனை சொல்ல ஆட்கள் இருப்பார்கள். பொய்க் கோரிக்கை குற்றம். அறுந்த ஜவ்வு ஒட்டும், குற்றப் பதிவு அழியாது.

பொய் சொல்லாமலேயே வழி இருக்கிறது. வேலை அனுமதிச் சீட்டின் நிபந்தனைப்படி ஊழியரின் மருத்துவச் செலவு பொதுவாக முதலாளியின் பொறுப்பு. ஒப்பந்தத்தில் பகிர்வு ஏதும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2023 ஜூலை முதல், முதலாளி வாங்கவேண்டிய மருத்துவக் காப்புறுதி ஆண்டுக்குக் குறைந்தது 60,000 வெள்ளி. அதற்கு முன் 15,000தான். இது மருத்துவமனையில் தங்கும் சிகிச்சைக்கும் ஒருநாள் அறுவை சிகிச்சைக்கும். வெளிநோயாளராகப் போகும் பிசியோவை இந்தக் கட்டாயம் தொடாது, ஆகவே அந்தச் செலவை முதலிலேயே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். விடுதிவாசிகளுக்கான அடிப்படைப் பராமரிப்புத் திட்டத்தில் மருத்துவரை நேரில் பார்க்க ஊழியர் தருவது 5 வெள்ளி. ஆரம்பத்திலேயே போய்க் காட்டாமல் இருக்கக் காசு காரணமாகாது.

விடுப்பும் உண்டு. ஆறு மாதம் வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள் மருத்துவ விடுப்பு. மருத்துவமனைச் சிகிச்சை என்றால் அந்த 14ஐயும் சேர்த்து 60 நாள். ஊருக்குப் போய் மதுரையிலோ திருச்சியிலோ அறுவை சிகிச்சை செய்துகொள்ள முடிவு செய்கிறவர், எம்ஆர்ஐ குறுந்தட்டையும் அறிக்கையையும் கையோடு எடுத்துப் போக வேண்டும். திரும்பி வரும்போது, எந்த நாரை எடுத்து எந்தத் திருகாணி போட்டார்கள் என்று எழுதிய அறுவை சிகிச்சைக் குறிப்பு கையில் இருக்க வேண்டும். இங்குள்ள பிசியோ முதலில் கேட்பது அதைத்தான்.

இடத்தை மாற்றிக்கொள்வது

திரும்பி வருகிற மூத்த ஆட்டக்காரருக்குப் பழைய வேகம் வராது. மருத்துவர்கள் இதை நாசூக்காகச் சொல்வார்கள். இந்த நூல் நேராகவே சொல்கிறது. வேகத்தை நம்பி ஆடியவர் வேறு எதையாவது நம்பக் கற்றுக்கொள்ள வேண்டும்.

அதற்கு நம்மவரே இருக்கிறார்: தஞ்சாவூர் மாவட்டத்துத் திருச்சானம்பூண்டியைச் சேர்ந்த தர்மராஜ் சேரலாதன். புரோ கபடி முழுக்க ‘அண்ணா’ என்று அழைக்கப்பட்டவர். 1975இல் பிறந்த இவர், 2016இல் பாட்னா பைரேட்ஸ் அணிக்குத் தலைமை தாங்கிக் கோப்பை வென்றார். அதே ஆண்டு உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். நாற்பது வயதில் எப்படி முடிந்தது? அவர் ஆடியது மூலையில், தடுப்பாட்டக்காரராக. பாடி வருகிறவன் பின்னால் ஓடத் தேவையில்லை. அவன் காலை வைக்கும் கணத்தைப் படித்துக் கணுக்காலைப் பிடித்தால் போதும். இருபது வயதுக்காரனின் வேகத்தை நாற்பது வயதின் கண் தோற்கடித்தது.

ஐஸ் ஹாக்கியில் இதற்கு உச்சம் கார்டி ஹவ். மணிக்கட்டு வாதத்தால் 1971இல் விலகியவர், மணிக்கட்டில் அறுவை சிகிச்சை செய்துகொண்டு 1973இல், 45 வயதில், ஹூஸ்டன் ஏரோஸ் அணியில் தன் இரண்டு மகன்களோடு ஆட இறங்கினார். 1979–80 பருவத்தில் ஹார்ட்ஃபர்ட் வேலர்ஸ் அணிக்காக எண்பது ஆட்டமும் ஆடி 15 கோல் போட்டார். பருவம் முடிந்தபோது வயது 52. எல்லாருக்கும் ஆகிற காரியம் இல்லை. இவரை முன்மாதிரியாகச் சொல்வதே கொஞ்சம் ஆபத்துதான்.

ஞாயிறு ஆட்டங்களில் மாற்றம் எளிது. வாலிபாலில் எகிறி அடித்தவர் செட்டராகலாம். எகிறி இறங்குவது பாதிக்குமேல் குறையும். வேகப்பந்து வீசியவர் ஓடிவரும் தூரத்தைக் குறைத்து மெதுவான பந்தைக் கற்கலாம். கபடியில் பாடிப் போனவர் மூலைக்கு வரலாம். கால்பந்தில் ஓரத்தில் ஓடியவர் நடுவில் நின்று பந்தைப் பங்கிடலாம். அணித் தலைவரிடம் இதை முன்கூட்டியே பேசிவிட வேண்டும். இல்லாவிட்டால் முதல் ஐந்து நிமிடத்தில் “அண்ணே, நீங்க எப்பவும்போல ஓடுங்க” என்று பந்து வந்துவிடும்.

முதல் ஞாயிறு

முதல் ஆட்டத்தைப் பெரிய போட்டியாக வைத்துக்கொள்ளக் கூடாது. பொங்கல் கோப்பை, தீபாவளி கோப்பை எல்லாம் காத்திருக்கும். தெரிந்தவர்களோடு, பொழுதுபோக்கு நிலையத்தில், வெயில் ஏறுமுன், தரை காய்ந்திருக்கும்போது. மழை பெய்து நனைந்த புல்லில் ஒட்டு ஜவ்வை முதன்முதலாகச் சோதிக்க வேண்டாம். முந்தின இரவு ஓவர்டைம் செய்திருந்தால் அன்றைக்கு ஓரத்தில் உட்கார்ந்து பார்க்கலாம்.

ஆடுமுன் இருபது நிமிடம் உடலைச் சூடாக்க வேண்டும். பிஃபா வெளியிட்டிருக்கும் ‘11+’ பயிற்சி வரிசை இலவசம், எந்தக் கருவியும் வேண்டாம், வாலிபாலுக்கும் கபடிக்கும்கூடப் பொருந்தும். விடுதி ஆட்டங்களில் பெரும்பாலும் சூடாக்குவது என்றால் வலையைக் கட்டிக்கொண்டே சும்மா இரண்டு முறை துள்ளுவதுதான். இருபது வயதில் அது செல்லும்.

முதல் நாள் பதினைந்து நிமிடம். நன்றாக ஆடிக்கொண்டிருந்தாலும் பதினைந்து நிமிடம். வெளியிலிருந்து ஒருவர் கைப்பேசியில் நேரம் பார்த்துக் கூப்பிட வேண்டும், ஏனென்றால் உள்ளே ஆடுகிறவருக்கு அது கேட்காது. மறுநாள் காலை அளவு நாடா பேசும். வீக்கம் இல்லையென்றால் அடுத்த ஞாயிறு இருபத்தைந்து. முழு ஆட்டத்துக்கு ஒரு மாதம் ஆகும்.

தோற்றாலும் கவலைப்பட ஒன்றுமில்லை. 1,032 நாள் காத்திருந்து, மைதானமே எழுந்து நின்று கைதட்டி வரவேற்ற அந்த ஆட்டத்தில், லாண்டெஸ்காக்கின் அணி கூடுதல் நேரத்தில் 2–1 என்று தோற்றது.